கீழாநெல்லிக்கு நான் எழுதிய வரவு

அழகர்மலை அடிவாரத்தில் இருக்கும் என் ரெண்டு ஏக்கரில், மழை விழுந்தால் கீழாநெல்லி தானாக முளைத்துவிடும். களை என்று பிடுங்க விடமாட்டேன். போன வருஷம் தோட்டத்தில் வேலை பார்க்கும் தம்பிக்குக் கண் மஞ்சளித்தது. முப்பது வயசு. ரத்தப் பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் பி. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தேன். ஆறு மாசத்தில் வைரஸ் போய்விட்டது. ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

நானும் பரிசோதித்துக்கொண்டேன். எனக்கும் இருந்தது! காமாலை வந்ததே இல்லை. அதே கீழாநெல்லியை ஒரு மண்டலம் குடித்தேன். அசையவில்லை.

"சார், இது வயசுக் கணக்கு" என்றார் டாக்டர். பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் 95 பேருக்கு உடம்பே விரட்டிவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் 90 பேருக்கு ஆயுசுக்கும் தங்கிவிடும். பின்னாளில் கல்லீரல் சுருக்கமோ புற்றுநோயோ வரலாம். தம்பியைக் காப்பாற்றியது அவன் வயசு. வரவை நான் கீழாநெல்லி கணக்கில் எழுதிவிட்டேன்.

கீழாநெல்லியை யாரும் சோதிக்காமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர், இந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து, 1988-ல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்தது என்றார்கள். பிறகு தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

வைரஸிலும் ரகம் உண்டு. பூங்கார் மூணு மாசத்தில் அறுவடைக்கு வரும், மாப்பிள்ளைச் சம்பாவுக்கு அஞ்சு மாசத்துக்கு மேல் வேண்டும் இல்லையா? அதுபோலத்தான். நம் நாட்டில் டி, ஏ ரகங்களே அதிகம். கிழக்காசியாவில் பரவலான சி ரகம், பலருக்கு நாற்பது வயசு வரை வீரியம் குறையாமல் இருக்கும். அதனால் பிள்ளை பெறும் வயசில் தாயிடமிருந்து சேய்க்குப் போவது அங்கே அதிகம்.

எந்த ரகமானாலும் தடுப்பூசி ஒன்றுதான். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடவேண்டும். கர்ப்பிணிகள் கட்டாயம் பரிசோதிக்கவேண்டும். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்ந்து சாப்பிடுவதால் ஒட்டாது. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.

என் பிள்ளைகளுக்குப் பார்த்தாகிவிட்டது. இல்லை. பேரனுக்குப் பிறந்த அன்றே ஊசி போட்டிருந்தார்கள். நான் ஆறு மாசத்துக்கு ஒருமுறை கல்லீரலைப் பார்த்துக்கொள்கிறேன். கீழாநெல்லியை இப்போதும் பிடுங்குவதில்லை. பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் இல்லை.