28 ரூபாய்க்கு ஒரு சினிமா!



திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள தோட்டங்களில், குருவிகளை விரட்டுவதற்காகக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பளபளப்பான வட்டத் தகடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? "இது என்ன தாத்தா?" என்று என் பேரன் கேட்டான். "இதற்குள் ஒரு சினிமாவே இருந்ததுடா!" என்றேன். அவன் நம்பவே இல்லை. நீங்களாவது நம்புங்கள்! இந்தத் தகடுகளைக் கோடிக்கணக்கில் தயாரித்த ஒரு இந்தியக் கம்பெனியின் கதை இது.

டெக் வந்த காலம்

1980-களில் ஊர்த் திருவிழா, கல்யாணம் என்றால் டி.வி.யும் 'டெக்'கும் வாடகைக்கு எடுத்து வருவார்கள். டெக் என்பது வீடியோ கேசட்டைப் போட்டுப் படம் பார்க்கும் பெட்டி. ஊரே பாய் விரித்து உட்கார்ந்து விடிய விடியப் படம் பார்க்கும்! பிறகு கேசட்டின் இடத்தை வி.சி.டி.யும் டி.வி.டி.யும் பிடித்துக் கொண்டன.

கடிகாரத்தில் தொடங்கிய கம்பெனி

1983-ம் ஆண்டு தீபக் பூரி என்பவர் டெல்லியில் 'மோசர் பேர் இந்தியா' என்ற கம்பெனியைத் தொடங்கினார். பெயர் வெளிநாட்டுப் பெயர் போல இருக்கிறதே என்கிறீர்களா? தொழில்நுட்பம் தந்த சுவிட்சர்லாந்து கம்பெனியின் பெயர் அது. முதலில் செய்தது என்ன தெரியுமா? தொழிலாளர்கள் வேலைக்கு வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் பதிவு செய்யும் கடிகாரம்!

1988-ல் கம்ப்யூட்டருக்கான பிளாப்பி தயாரித்தது. 1999-ல் வெற்று சி.டி.க்கு மாறியது. காலம் மாறும்போதெல்லாம் தானும் மாறி, வெற்று சி.டி. தயாரிப்பில் உலகின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றாக வளர்ந்தது.

தகட்டுக்குள் படம் எப்படி?

ஒரு சி.டி.யின் குறுக்களவு 12 செ.மீ. கனம் 1.2 மி.மீ. தான். அதில் கண்ணுக்குத் தெரியாத லட்சோபலட்சம் குழிகள், நத்தை ஓட்டின் சுருள் போல வரிசையாக இருக்கும். அந்தச் சுருளைப் பிரித்து நேராக நீட்டினால் 5 கிலோமீட்டருக்கும் மேல் போகும்! லேசர் ஒளி அந்தக் குழிகளின் மேல் ஓடிப் படித்து, படமாகவும் பாட்டாகவும் மாற்றித் தருகிறது.

முதல் அச்சு செய்யத்தான் செலவு அதிகம். அச்சு தயாராகிவிட்டால், சில நொடிகளுக்கு ஒரு தகடு வீதம் வார்த்துத் தள்ளலாம். எவ்வளவு அதிகம் விற்கிறோமோ அவ்வளவு விலையைக் குறைக்கலாம்.

திருட்டு வி.சி.டி.க்குப் போட்டி

அப்போது தமிழ்நாட்டில் திருட்டு வி.சி.டி. பெரிய தலைவலி. 2004-ல் குண்டர் சட்டத்தையே அதற்கு நீட்டித்தது அரசு. அசல் டி.வி.டி.யின் விலை பெரும்பாலும் நூறு ரூபாய்க்கு மேல். திருட்டு வி.சி.டி.யோ முப்பது, நாற்பது ரூபாய்தான். சாதாரண மக்கள் எதை வாங்குவார்கள்?

மோசர் பேர் ஒரு காரியம் செய்தது. பல மொழிப் படங்களின் உரிமையை முறையாக விலை கொடுத்து வாங்கி, வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று விற்றது! தமிழ்ப் படங்களும் அதில் உண்டு. நேர்மையாக வாங்க நினைத்தவர்களுக்கு அது கைக்கெட்டும் விலை. சசி இயக்கிய 'பூ' (2008) போன்ற தமிழ்ப் படங்களின் தயாரிப்பிலும் இந்தக் கம்பெனி பங்கு கொண்டது. ஆனால் புதுப் படங்களின் திருட்டு வி.சி.டி. மட்டும் ஓயவில்லை. படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது வெளியே வந்துவிடுமே!

ஏன் விழுந்தது?

பென்டிரைவ் வந்தது. இன்டர்நெட் வேகமானது. செல்போனிலேயே படம் பார்க்க முடிந்தது. தகட்டை யார் வாங்குவார்கள்? சூரிய ஒளி மின்சாரத் தொழிலிலும் கம்பெனி பெரும் பணம் போட்டிருந்தது. உலகச் சந்தையில் சோலார் பேனல் விலை சரிந்ததால் அதுவும் கைகொடுக்கவில்லை. கடன் ஏறியது. 2017-ல் திவால் வழக்கு தொடங்கியது. 2018-ல் கம்பெனியைக் கலைத்துச் சொத்துகளை விற்க உத்தரவானது. பாவம், அங்கே வேலை பார்த்தவர்கள் பிழைப்பை இழந்தார்கள். மூன்று முறை காலத்தோடு ஓடி ஜெயித்த கம்பெனி, நான்காவது முறை தடுக்கி விழுந்துவிட்டது.

உங்களுக்கு ஒரு வேலை

உங்கள் வீட்டுப் பீரோவில் அப்பா, அம்மாவின் கல்யாண சி.டி. இருக்கும். இப்போது இல்லாத பாட்டியோ, தாத்தாவோ அதில் சிரித்துக்கொண்டே நடந்து வரலாம். கடையில் விற்ற சினிமா சி.டி. தொழிற்சாலையில் வார்த்தது. கல்யாண சி.டி. பெரும்பாலும் வெற்றுத் தகட்டில் பதிந்தது. அதில் ஒரு சாயப் பூச்சு இருக்கிறது. வெயிலும் சூடும் பட்டால் அது மெல்ல மங்கிவிடும். அப்புறம் யார் நினைத்தாலும் அந்தப் படத்தை மீட்பது கடினம்.

நம் ஊர்ப் பூட்டு உலகப் புகழ் பெற்றது. 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பூட்டே ஆனாலும் சாவி தொலைந்தால் என்ன செய்வோம்? சி.டி.யும் அப்படித்தான். அதற்குச் சாவி பிளேயர். பிளேயர்களோ நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமையே பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். தெரிந்த ஸ்டூடியோவில் கொடுத்து, அந்தப் படத்தைப் பென்டிரைவிலும் கம்ப்யூட்டரிலும் இரண்டு பிரதிகளாக எடுத்து வையுங்கள். குருவி விரட்டக் கட்டும் முன், தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை படித்துப் பாருங்கள்.

செய்வீர்கள்தானே?