வீட்டில் படிக்கும் பிள்ளைக்குச் சட்டத்தில் இடம் உண்டா?

"பையன் எந்த ஸ்கூல்மா?"

"வீட்லயேதான் படிக்கிறான் டீச்சர்."

பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க வீடு வீடாக வரும் ஆசிரியரின் பேனா இந்த இடத்தில் சற்றே நின்றுவிடும். எதிரில் நிற்பவன் வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுவன் அல்ல. உள்ளே பாயில் பின்னக் கணக்கு பாதியில் கிடக்கிறது. சன்னலோரம் ஈரத்துணியில் பச்சைப்பயறு முளைவிட்டிருக்கிறது. ஆனாலும் ஆசிரியரின் கணக்கில் அவன் பள்ளி செல்லாக் குழந்தைதான். அம்மாவுக்கோ உள்ளூர ஒரு பயம்: நாளைக்கே நோட்டீஸ் வந்துவிடுமோ?

இந்தியாவில் ஹோம்ஸ்கூலிங் பெற்றோர் பலரும் இந்தப் பயத்தோடுதான் தொடங்குகிறார்கள். மனப்பாடப் படிப்பில் மனம் ஒட்டாதவர்கள், எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளையைப் பள்ளியில் தினமும் அழவிட மனமில்லாதவர்கள், விளையாட்டுக்காக ஊர் ஊராகப் போகிறவர்கள் என்று காரணங்கள் பல. கேள்வி ஒன்றுதான். இது குற்றமா?

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10-ஆவது பிரிவு. படித்தால் பகீரென்றுதான் இருக்கும். ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அபராதமோ சிறையோ அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. 'கட்டாயக் கல்வி' என்ற சொல்லுக்கு அது தரும் விளக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்தக் கட்டாயம் அரசின் தலையில்தான் விழுகிறது. பிள்ளை சேர்வதையும் வருவதையும் படித்து முடிப்பதையும் உறுதி செய்ய வேண்டியது அரசு. அதனால்தான் ஆசிரியர் வீட்டு வாசலுக்கு வருகிறார். அவர் கேட்பதில் தவறில்லை.

டெல்லி உயர் நீதிமன்றத்தில் வீட்டில் படித்த ஒரு மாணவி தொடுத்த வழக்கில், ஹோம்ஸ்கூலிங்கை இந்தச் சட்டம் தடுக்கவில்லை என்று 2012 ஜூலையில் மத்திய அரசே பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. பெற்றோருக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் பிரமாணப் பத்திரம் சட்டமாகிவிடாது. 10-ஆவது பிரிவு இன்றும் அப்படியே இருக்கிறது. தண்டனையும் இல்லை, அனுமதியும் இல்லை என்ற இடத்தில்தான் இந்தக் குடும்பங்கள் நிற்கின்றன.

ஒரு விஷயத்தில் மட்டும் சட்டம் கறாராக இருக்கிறது. நாலு வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து, ஆசிரியர் வைத்து, கட்டணம் வாங்கத் தொடங்கினால் அது அங்கீகாரம் இல்லாத பள்ளியாகப் பார்க்கப்படலாம். 18-ஆவது பிரிவின்படி அதற்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். கற்றல் மையம் என்று பெயர் மாற்றிக்கொண்டால் தப்பிவிடலாம் என்று யாரும் நம்பிவிடக் கூடாது.

சரி, சான்றிதழுக்கு என்ன வழி? தமிழ்நாட்டில் பலரும் மறந்துபோன வழி ஒன்று இருக்கிறது: தனித்தேர்வர்களுக்கான இ.எஸ்.எல்.சி. என்னும் எட்டாம் வகுப்புத் தேர்வு. பன்னிரண்டரை வயது நிரம்பியிருந்தால் போதும், அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் இந்தத் தேர்வை எழுதலாம். அதில் தேறியவர் பதினான்கரை வயது நிரம்பியதும் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். ஒதுக்கிய பள்ளிக்குப் போய் 80 சதவீத வருகையும் காட்ட வேண்டும். தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் ஓராண்டு போனது போனதுதான்.

இரண்டாவது வழி, 1989-இல் தொடங்கப்பட்ட தேசிய திறந்தநிலைப் பள்ளி. 14 வயதில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். எட்டாம் வகுப்புச் சான்று இல்லையென்றால், இந்தப் படிப்பைப் படிக்கும் திறன் தனக்கு இருக்கிறது என்று மாணவரே எழுதிக் கொடுத்தால் ஏற்கிறார்கள். ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொன்றாக எழுதி மதிப்பெண்ணைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். பிள்ளையின் வேகத்துக்கு இவ்வளவு மரியாதை தரும் தேர்வு முறை நம் நாட்டில் அரிது. வெளிநாட்டுப் படிப்பை மனதில் வைத்திருப்பவர்கள் கேம்பிரிட்ஜ் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுகிறார்கள். செலவுதான் கையைக் கடிக்கும்.

திறந்தநிலையில் படித்தால் டாக்டராக முடியாது என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. 2018-இல் நீட் தேர்வில் அப்படி ஒரு தடை இருந்தது உண்மை. அதே ஆண்டு மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிவிட்டது.

சான்றிதழே இல்லாமல் போனவரும் உண்டு. மும்பை மாணவி ஒருவர் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு வீட்டிலேயே கணினி நிரலாக்கம் கற்றார். சர்வதேச இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாடில் இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம் வென்றார். பன்னிரண்டாம் வகுப்புச் சான்று இல்லாததால் ஐ.ஐ.டி.யில் அவருக்கு இடமில்லை. அவரைச் சேர்த்துக்கொண்டது நம் சென்னைக் கணிதக் கழகம். 2016-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. மனம் நிறைகிற செய்திதான். ஆனால் மூன்று ஒலிம்பியாட் பதக்கம் எத்தனை வீட்டில் இருக்கும்? மற்ற பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வேண்டும்.

இழப்பது என்ன என்பதையும் பெற்றோர் உட்கார்ந்து பேச வேண்டும். தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடும், மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததை அடிப்படையாகக் கொண்டவை. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத முன்னுரிமைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே சான்று கேட்கிறார்கள். பள்ளிக்கே போகாத பிள்ளை அதை யாரிடம் போய் வாங்கும்? எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு இது சின்ன இழப்பல்ல. மொத்தக் கணக்கையும் போட்டுப் பார்க்காமல் டி.சி. வாங்கிவிடாதீர்கள்.

ஒத்துவரவில்லை என்றால் திரும்பிப் போகும் வழி மட்டும் அகலமாகத் திறந்திருக்கிறது. 14 வயதுக்குள் எப்போது போனாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விடுபட்டதைக் கற்றுத்தரச் சொல்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு. டி.சி. தாமதமானாலும் வயதுச் சான்று இல்லாவிட்டாலும் சேர்க்கையை மறுக்க முடியாது.

'வீட்டில் கல்வி' என்பது இந்தச் சட்டத்துக்குப் புதிய சொல்லும் அல்ல. 2012 திருத்தம், கடுமையான மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையை எழுத்தில் தந்தது. அவர்களுக்குப் பள்ளியில் பெயர் பதிந்துகொண்டு, சிறப்பாசிரியர்கள் வீட்டுக்கே போய்ச் சொல்லித் தருகிறார்கள். அதே சட்டத்தில் இன்னொரு திருத்தம் கொண்டுவந்து, வீட்டில் படிக்கும் மற்ற பிள்ளைகளின் பெயரையும் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பதியச் சொல்லட்டும். ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பிள்ளை என்ன கற்றிருக்கிறது என்று வந்து பார்க்கட்டும். கற்பிக்கிறோம் என்ற பெயரில் பிள்ளையை வேலைக்கு அனுப்பும் வீடும் அப்போது வெளியே தெரிந்துவிடும். மத்திய கல்வி அமைச்சகம் இந்தத் திருத்தத்தை இனியும் தள்ளிப்போடக் கூடாது.