விடை வேண்டாம், வினா கொடு

நம்மில் பலர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே பிறருக்கு ஆசிரியராகி விடுகிறோம். வார இறுதியில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குத் துணைப்பாட வகுப்பு எடுக்கிறோம். நமக்குப் பாடம் தெரியும். ஆனால், பாடம் சொல்லிக் கொடுக்க எவரும் நம்மைப் பழக்கியதில்லை. செயற்கை நுண்ணறிவு உதவியாளர் இந்தக் குறையை ஓரளவு போக்க முடியும் என்பதை என் அனுபவத்தில் கண்டேன். அதைப் பயன்படுத்தும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

என்னிடம் கணிதம் படித்த முதலாம் படிவ மாணவன் ஒருவன் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினான். நான் உடனே பகுதி எண்களைச் சமமாக்கி, 3/6 + 2/6 = 5/6 என்று போட்டுக் காட்டினேன். "புரிஞ்சதா தம்பி?" என்றேன். "புரிஞ்சது அக்கா" என்றான். மூன்று வாரம் கழித்து வேறு எண்கள், அதே தவறு. தமிழ்ப்பள்ளியில் 'பகுதி எண்' என்று படித்தவனுக்கு இடைநிலைப்பள்ளியில் அதுவே மலாயில் 'பெஞெபுட்' ஆகிவிட்டது. "எனக்குக் கணக்கே வராதுக்கா" என்று அவன் சொன்னபோதுதான் எனக்குப் பயம் வந்தது. பதின்மூன்று வயதில் ஒருவன் அப்படி முடிவு கட்டிவிட்டால், அதன்பின் எந்த வகுப்பும் அவனுக்கு உதவாது.

அன்றிரவு சாட்ஜிபிடியிடம் அந்தக் கணக்கைக் கொடுத்தேன். அது ஐந்து வரியில் விடையைப் போட்டுத் தந்தது. அதைத்தான் நானும் செய்திருந்தேன்! பிறகு கேட்கும் முறையை மாற்றினேன்:

"நான் துணைப்பாட ஆசிரியர். முதலாம் படிவ மாணவர் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியுள்ளார். விடை வேண்டாம். அவர் எப்படி யோசித்திருக்கலாம் என்பதற்கு இரண்டு காரணங்களும், தவற்றை அவரே கண்டுகொள்ள நான் கேட்கக்கூடிய மூன்று கேள்விகளும் தருக."

மாணவன் பின்னத்தை ஒரே எண்ணாகப் பார்க்காமல், மேலும் கீழும் உள்ள இரண்டு தனி எண்களாகப் பார்த்திருக்கலாம் என்று பதில் வந்தது. கேள்விகளுள் ஒன்று பீட்சாவைப் பற்றியது. அதை ரொட்டி சானாயாக மாற்றிக் கொண்டேன்.

"தட்டுல அரை ரொட்டி இருக்கு. இன்னொரு ரொட்டியில மூன்றில் ஒரு பங்கை வைக்கிறேன். இப்ப அரையைவிடக் கூடவா, குறைவா?"

"கூட அக்கா."

"நீ எழுதின 2/5?"

படம் வரைந்து பார்த்தான். "அரையைவிடக் குறைவா இருக்கே! சேர்த்தா எப்படிக்கா குறையும்?"

இம்முறை கேள்வி கேட்டவன் அவன். அதற்குப் பிறகு பகுதி எண்ணைச் சமமாக்குவது ஏன் என்று விளக்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டுமன்று. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில் 900 துணைப்பாட ஆசிரியர்களும் 1,800 பள்ளி மாணவர்களும் பங்கேற்றனர். அந்தக் கருவி மாணவரிடம் பேசாது. அடுத்து என்ன கேட்கலாம் என்று ஆசிரியருக்கு மட்டும் யோசனை கூறும். அதைப் பயன்படுத்திய ஆசிரியர்களிடம் படித்த மாணவர்களின் தேர்ச்சி விகிதம் 4 விழுக்காட்டுப் புள்ளி கூடியது. தர மதிப்பீட்டில் பின்தங்கிய ஆசிரியர்களிடம் படித்தோருக்கு இது 9 புள்ளி. நம்மைப் போன்ற புதியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மாறாக, விடையே மாணவர் கைக்குப் போனால் என்னாகும்? துருக்கியில் ஏறக்குறைய 1,000 உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2025இல் ஆய்விதழில் வெளிவந்தது. சாதாரண உதவியாளரை வைத்துக்கொண்டு பயிற்சிக் கணக்குப் போட்டவர்கள் 48 விழுக்காடு சிறப்பாகச் செய்தனர். அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினர். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தருமாறு அமைத்த உதவியாளரைப் பயன்படுத்தியவர்களுக்கு இப்பாதிப்பு பெரும்பாலும் ஏற்படவில்லை.

ஆகவே, நான் மூன்று வழக்கங்களைக் கடைப்பிடிக்கிறேன்.

முதலாவது, உதவியாளரை வகுப்புக்கு முன்பு பயன்படுத்துகிறேன். மாணவனின் தவற்றை அப்படியே எழுதி, காரணத்தையும் கேள்வியையும் மட்டும் கேட்கிறேன். பொருத்தமானதை எடுத்துக்கொண்டு, மற்றதை விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது, சரிபார்க்காமல் எதையும் வகுப்புக்குக் கொண்டு செல்வதில்லை. படித்த எழுத்துக் குவியலை வைத்து அடுத்த சொல் எதுவாக இருக்கும் என்று கணித்து எழுதுவதே இதன் வேலை. அக்குவியலில் ஆங்கிலம் மிகுதி, தமிழ் குறைவு. ஒருமுறை 'பல் + பொடி = பற்பொடி' என்பதைத் தோன்றல் விகாரம் என்று எனக்கு விளக்கியது. லகரம் றகரமானது திரிதல் அல்லவா! தவறான விளக்கமும் சரியானதைப் போலவே தெளிவாக வரும். இலக்கண நூல் பக்கத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது, மாணவரின் பெயர், பள்ளி, குடும்ப விவரம் எதையும் அதில் எழுதுவதில்லை. 'முதலாம் படிவ மாணவர்' என்றாலே போதும்.

அந்தத் தம்பி இன்னமும் தவறு செய்கிறான். ஆனால், விடையை எழுதியதும் பேனாவை வைத்துவிட்டு, "இது அரையைவிடக் கூடவா, குறைவா?" என்று தனக்குள் கேட்டுப் பார்க்கிறான். "கணக்கே வராது" என்ற பேச்சை இப்போது நான் கேட்பதில்லை.

இவ்வாண்டு துணைப்பாட வகுப்பு எடுக்க முன்வரும் தம்பி தங்கையருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர்கள் செய்யும் தவறுகளையும், அவற்றுக்குப் பலன் தந்த கேள்விகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நமக்குப் பின் வருவோர் வெறுங்கையோடு வகுப்பறைக்குள் நுழைய வேண்டியிராது.