ஜீன்ஸுக்கு லீவு விடுங்க பாஸ்!

கத்திரி வெயில். அருப்புக்கோட்டையில் திருச்சுழி பஸ்ஸுக்கு நிற்கிறீங்க. டைட் ஜீன்ஸ், கறுப்பு டி-ஷர்ட், ஷூ. கெத்துதான்! ஆனா, பாதி வழியிலேயே அவிஞ்சுடுவீங்க.

வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்று புகாத ஜீன்ஸுக்குள் அது எங்கே காய? வேர்க்குருதான் மிச்சம்.

பக்கத்து சீட் தாத்தாவைப் பாருங்க. வெள்ளை வேட்டி, தொளதொள சட்டை, தலையில் துண்டு. நடமாடும் ஏ.சி!

வேட்டின்னா பட்டிக்காடுன்னு கூச்சமா? 1921 செப்டம்பர் 22-ல் ஏழைகளை நினைத்து மதுரையில் அரையாடைக்கு மாறினார் காந்தி. 1931-ல் லண்டனில் மன்னரைச் சந்தித்தபோதும் அதே அரையாடைதான், மேலே ஒரு சால்வை.

கட்ட வராதா? வெளிர் நிற லூஸ் காட்டன் பேன்ட், முழுக்கை காட்டன் சட்டை, செருப்பு போதும். நெசவுக்குப் பேர்போன ஊரில் பாலியஸ்டர் எதுக்கு? துண்டை நனைச்சுப் பிழிஞ்சு கழுத்தில் போட்டுக்குங்க.

கூட வர்ற நண்பனுக்குத் தலை சுற்றி, பேச்சு குழறுதா? விளையாட்டில்லை. நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையைத் தளர்த்தி, உடம்பை நனைச்சு விசிறுங்க. உடனே 108-ஐக் கூப்பிடுங்க.

கெத்து சாயங்காலம் காட்டிக்கலாம். முதல்ல ஊர் போய்ச் சேருவோம்!