பெங்களூருக்கு 4.75 டிஎம்சி: எந்த நியாயப்படி?

காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அளித்த தீர்ப்பில் தமிழ்நாட்டின் பங்கு 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைந்தது. குறைந்த 14.75இல் 10 டிஎம்சிக்குக் காரணம் தமிழ்நாட்டின் நிலத்தடி நீர். மீதி 4.75, அதாவது நாளொன்றுக்குச் சுமார் 37 கோடி லிட்டர், பெங்களூருவின் குடிநீருக்காக.

2007இல் காவிரி நடுவர் மன்றம் போட்ட கணக்கு வேறு. நகரின் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் இருக்கிறது. அந்தப் பங்குக்கு மட்டும் தண்ணீர், அதிலும் பாதி நிலத்தடியிலிருந்து கிடைத்துவிடும் என்றது. உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. குடிநீர் என்று வந்தபின் நகரைப் படுகைக் கோட்டால் பிரிக்கக் கூடாது என்பது அதன் வாதத்தின் சாரம்.

அரசியல் தத்துவத்தில் இது ஓயாத சண்டை. உரிமையைத் தீர்மானிப்பது வரலாறா, தேவையா? 1974இல் ராபர்ட் நாஸிக் வரலாற்றின் பக்கம் நின்றார்: ஒரு பொருள் முறையான வழியில் கைக்கு வந்திருந்தால் அது உங்களுடையது. கல்லணையையும் 1924 காவிரி ஒப்பந்தத்தையும் காட்டிப் பேசும் தஞ்சை விவசாயியின் வாதமும் ஏறக்குறைய இதே ரகம்தான். (தடையற்ற சந்தையின் தத்துவவாதியோடு கடைமடை விவசாயி கைகோப்பது வேடிக்கைதான்.) 1971இல் ஜான் ரால்ஸ் கேட்டது வேறு: குடகில் பிறப்போமா, கடைமடையில் பிறப்போமா என்று தெரியாத நிலையில் எந்த விதிக்குச் சம்மதிப்பீர்கள்? அப்படி யோசிப்பவர் குடிநீரைத்தான் முதலில் வைப்பார். தீர்ப்பும் அந்தப் பக்கமே சாய்கிறது.

படுகைக்கு வெளியே தண்ணீர் போகலாமா என்று கோபப்படும் நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். சென்னை முழுவதுமே காவிரிப் படுகைக்கு வெளியேதான் இருக்கிறது. வீராணம் ஏரி வழியாக 2004 முதல் அதே ஆற்று நீரைக் குடிக்கிறது. எனவே எல்லைக்கோட்டு வாதம் நமக்கே உதவாது.

கேட்க வேண்டியது வேறு. தேவையைக் காட்டிப் பெற்ற தண்ணீர், பெங்களூருக்குள்ளும் தேவைப்படிதான் பங்கிடப்படுகிறதா? 2007இல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களுக்காகத் திட்டமிட்ட காவிரி ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கியது. அதுவரை அங்கே பெரும்பாலும் ஆழ்துளைக் கிணறும் டேங்கர் லாரியும்தான். 2024 மார்ச் தட்டுப்பாட்டின்போது, காவிரி இணைப்புள்ள வீடு முதல் 8,000 லிட்டர்வரை ஆயிரம் லிட்டருக்கு 7 ரூபாய் கட்டியது. அதே மாதம் மாவட்ட நிர்வாகம் டேங்கருக்கு உச்சவரம்பு வைத்தது: ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய். ஆயிரம் லிட்டருக்கு 100 ரூபாய் ஆகிறது. நீதிமன்றத்தில் நகரம் முழுவதும் ஒரே தாகம் என்று காட்டப்பட்டது. கட்டண ரசீதில் அது இரண்டாகப் பிரிந்து நின்றது. ரால்ஸின் கேள்வியை மாநிலங்களுக்கிடையே மட்டும் கேட்டுவிட்டு, வார்டுகளுக்கிடையே கேட்காமல் விட்டதன் விளைவு இது.