தண்டவாளம் ஏறிய துப்பாக்கி

அமெரிக்காவில் ஏஆர்-15 ரைஃபிள் வாங்கும் ஒருவர், கடையைவிட்டு வெளியே வரும்போது வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதில்லை. ஐந்நூறு, அறுநூறு டாலருக்குச் சாதாரண ஏஆர் ஒன்று கிடைத்துவிடும். அதன் மேல் பொருத்த நல்ல ஸ்கோப் தேடினால் அதுவே ஆயிரம் டாலரைத் தாண்டும். பிறகு டார்ச், தோள்வார், முன்பிடி, பின்கட்டை, விசை என்று பட்டியல் நீளும். சென்னை ஜி.பி. ரோட்டில் புது புல்லட்டை நிறுத்திவிட்டு, ஹேண்டில்பாரிலிருந்து சைலன்சர் வரை மாற்றச் சொல்லும் இளைஞர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த மனநிலை புரியும். அமெரிக்காவில் கைக்கு வருவது ஆளைக் கொல்லக்கூடிய கருவி என்பதுதான் உறுத்தல்.

இது சின்னக் கூட்டத்தின் பைத்தியமும் இல்லை. 1990 முதல் இந்த வகை ரைஃபிள்கள் 2 கோடியே 40 லட்சத்துக்கு மேல் புழக்கத்துக்கு வந்திருப்பதாகத் துப்பாக்கித் தொழில்துறையின் சங்கமான என்எஸ்எஸ்எஃப் 2022இல் கணக்குச் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், ரைஃபிளின் உள்வேலை 1950களில் வரைந்தபடியேதான் பெரும்பாலும் இருக்கிறது. மாறியதெல்லாம் அதன் மேலே ஏறி உட்கார்ந்த சாமான்கள். பணமும் அங்கே போனது, சட்டச் சண்டையும் அங்கேயே போனது.

வரைந்தவர் யூஜின் ஸ்டோனர். கலிஃபோர்னியாவின் ஆர்மலைட் நிறுவனத்தில் அவர் உருவாக்கிய ஏஆர்-15இன் உரிமை 1959இல் கோல்ட் நிறுவனத்துக்குக் கைமாறியது. ராணுவத்துக்கு அது எம்16 ஆனது. விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு குண்டு மட்டும் பாயும் செமி ஆட்டோமேட்டிக் வடிவம் 1964இல் பொதுமக்கள் சந்தைக்கு வந்தது. மேல்பாதி, கீழ்பாதி என இரண்டு துண்டுகள், அவற்றைச் சேர்க்க இரண்டு ஊசிகள். ஊசிகளைத் தள்ளினால் துப்பாக்கி இரண்டாகப் பிரிந்துவிடும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணுக்கு இதில் ‘துப்பாக்கி’ என்பது வரிசை எண் பொறித்த கீழ்பாதி மட்டுமே. அந்தச் சிறிய அலுமினியக் கூட்டை வாங்கத்தான் பின்னணிச் சோதனை. குழலோ ஸ்கோப்போ பின்கட்டையோ வேண்டுமென்றால், பெரும்பாலான மாநிலங்களில் தபாலில் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். இத்தனை பெரிய உதிரிச் சந்தை தழைத்ததற்கு வடிவமைப்பு பாதிக் காரணம் என்றால், இந்தச் சட்டவிதி மீதிக் காரணம்.

ஸ்டோனரின் இன்னொரு முடிவுதான் குறிபார்க்கும் கதையைத் தொடங்கிவைத்தது. பழைய ரைஃபிள்களில் பின்கட்டை குழலுக்குக் கீழே சரிந்திருக்கும். சுட்டவுடன் முனை மேலே எகிறும். ஸ்டோனர் கட்டையைக் குழலின் நேர்கோட்டிலேயே வைத்தார். உதை நேராகத் தோளுக்கு வந்தது, எகிறல் குறைந்தது. ஆனால் கன்னத்தைக் கட்டையில் சாய்த்தால் கண் குழலுக்கு மேலே வெகு உயரத்தில் நிற்கும். அதனால் குறிகளையும் உயர்த்த வேண்டியிருந்தது. வியட்நாம் போர்ப் படங்களில் எம்16இன் முதுகில் பார்க்கிறோமே ஒரு கைப்பிடி, பின்குறி அதற்குள்தான் இருந்தது. ஸ்கோப் வேண்டுமென்றால் அந்தக் கைப்பிடியின் மேல் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றினால் கன்னம் கட்டையைத் தொடாது. தலை அந்தரத்தில் ஆடும். கடைசியில் கைப்பிடியையே எடுத்துவிட்டு, முதுகைத் தட்டையாக்கி, அதில் குறுக்குப் பள்ளங்கள் வெட்டிய ரெயிலை வைத்தார்கள்.

அந்த ரெயிலுக்கு நியூ ஜெர்சியிலுள்ள பிக்காடினி ஆயுதக் கிடங்கின் பெயர். அதற்கு முன்பே டெக்சஸ் மாநில எல் பாசோவைச் சேர்ந்த வில்லியம் வீவர், வேட்டைத் துப்பாக்கிகளில் ஸ்கோப் பொருத்த ஒரு ரெயிலை வழக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தார். ஆனால் அதன் பள்ளங்களுக்கு நடுவே சீரான இடைவெளி கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 1995 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவம் அளவை எழுதி முடித்தது. பள்ளத்தின் அகலம் 5.23 மில்லிமீட்டர், ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10.01 மில்லிமீட்டர். அவ்வளவுதான் செய்தி. ஆனால் அன்றிலிருந்து சுவீடனில் செய்த குறிக்கண்ணாடியும் மிச்சிகனில் செய்த ஸ்கோப்பும் அந்த ரெயில் உள்ள எந்தத் துப்பாக்கி முதுகிலும் உட்கார முடிந்தது. 2019இல் இந்திய ராணுவத்துக்காக ஒப்பந்தமான 72,400 சிக் சாவர் 716 ரைஃபிள்களும் ஸ்டோனரின் இன்னொரு வடிவமான ஏஆர்-10 வழிவந்தவையே. அவற்றின் முதுகிலும் இதே பள்ளங்கள்தான்.

பொருத்தும் சாமான்களில் உண்மையிலேயே சுடுபவரின் திறனை மாற்றுவது குறிக்கண்ணாடி. இரும்புக் குறியில் மூன்று பொருள்களை ஒரே கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும்: கண்ணருகே இருக்கும் துளை, குழல் பக்கம் நிற்கும் ஊசி, தொலைவில் இலக்கு. மூன்றும் மூன்று தூரங்களில் இருக்கின்றன. கண்ணோ ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகக் காட்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு முன்ஊசி மங்கத் தொடங்கிவிடும்.

ரெட் டாட் என்ற வகைக் குறிக்கண்ணாடி இந்தச் சிக்கலை அறுத்தது. நம் சினிமாவில் கதாநாயகனின் மார்பில் ஊரும் சிவப்புப் புள்ளி லேசர், அது வேறு. ரெட் டாட்டின் ஒளி எதிரில் இருப்பவருக்குப் போய்ச் சேர்வதில்லை. குழாய்க்குள் ஓரமாக இருக்கும் மிகச்சிறிய எல்ஈடி, முன்பக்க வளைந்த கண்ணாடியை நோக்கிச் செந்நிற ஒளியை வீசும். அந்தக் கண்ணாடியின் பூச்சு செந்நிறத்தை மட்டும் திருப்பியனுப்பும். மற்ற ஒளியை உள்ளே விடும். அதனால்தான் அதன் வழியே பார்க்கும் காட்சி லேசாக நீலம் பாரித்திருக்கும். திரும்பி வரும் ஒளிக்கதிர்கள் இணையாக வருவதால், புள்ளி இலக்கின் மேலேயே ஒட்டியிருப்பதுபோல் கண்ணுக்குத் தோன்றும். தலை கொஞ்சம் விலகினாலும் புள்ளி நிற்கும் இடத்துக்குத்தான் குண்டு போகும், மிக அருகில் சிறு பிசகு இருந்தாலும். இரண்டு கண்ணையும் திறந்துவைத்தே சுடலாம்.

இதன் அடிப்படை யோசனை டப்ளின் நகரத் தொலைநோக்கி வல்லுநர் ஹோவர்ட் க்ரப் 1900இல் காப்புரிமை பெற்றது. போர் விமானங்களில் அது பயன்பட்டது. கையிலேந்தும் துப்பாக்கிக்குப் பொருந்தும் மின்கலக் கருவியாக 1975இல் கொண்டுவந்தது சுவீடனின் எய்ம்பாயிண்ட். அமெரிக்கத் தரைப்படை அதை 1997இல் ஏற்றது. இன்று கட்டைவிரல் பருமனிலிருக்கும் அந்த நிறுவனத்தின் சிறிய ரகம் ஒன்று ஒரே மின்கலத்தில் 50,000 மணி நேரம் எரியும். வாங்கிய நாளில் போட்ட சுவிட்சை ஐந்து வருடத்துக்கு அணைக்கவே வேண்டாம்.

புள்ளியின் பருமனையும் பார்த்து வாங்குகிறார்கள். அதற்கான அலகு எம்ஓஏ: ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. நூறு மீட்டரில் ஒரு எம்ஓஏ ஏறத்தாழ 2.9 செ.மீ. ஆக, 2 எம்ஓஏ புள்ளி அந்தத் தூரத்தில் சுமார் 6 செ.மீ. வட்டத்தை மறைக்கும். பெரிய புள்ளி சட்டென்று கண்ணில் படும், தொலைவில் இலக்கையே விழுங்கிவிடும். சிதறல் பார்வைக் குறை உள்ளவர்களுக்கு எந்தப் புள்ளியும் வால்நட்சத்திரம்போல் கலைந்து தெரியும். அவர்கள் கண்ணாடியிலேயே குறி பொறித்த ப்ரிஸம் வகையை நாடுகிறார்கள்.

எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் குறியைச் சரிக்கட்டாமல் அது அலங்காரம்தான். கண்கோடு குழலுக்குச் சுமார் 6.6 செ.மீ. மேலே ஓடுகிறது. குண்டு கீழிருந்து கிளம்பி, கண்கோட்டைத் தாண்டி மேலே போய், மறுபடி இறங்கி வெட்டும். ஏஆர் வைத்திருப்பவர்கள் பலர் 50 கெஜத்தில் சரிக்கட்டுவார்கள். அப்போது இரண்டாவது சந்திப்பு 200 கெஜத்தை ஒட்டி விழும். இடையில் உயர வேறுபாடு மிகச் சிறியது. ஆனால் ஒரு கூடத்தின் அகலத்தில், ஐந்து மீட்டரில், புள்ளி வைத்த இடத்துக்கு ஆறு செ.மீ. கீழேதான் குண்டு படும். புதிதாக வாங்கியவர்கள் குழம்புவது இங்கேதான்.

ராணுவ ஒப்பந்தம் என்ற முத்திரையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஈஓடெக் நிறுவனத்தின் ஹாலோகிராஃபிக் குறிகள் கடுங்குளிரிலும் வெப்பத்திலும் இடம் பெயர்வதை மறைத்து விற்றதாக அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. அதன் அன்றைய தாய் நிறுவனமான எல்-3, 2015இல் 2 கோடியே 56 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ட்ரிஜிகான் நிறுவனத்தின் கதை இன்னும் வினோதம். டிரிட்டியம் ஒளியில் மின்கலமின்றி மினுங்கும் அதன் ஸ்கோப்புகளின் மாதிரி எண்ணுக்குப் பின்னால் பைபிள் வசன எண்கள் பொறித்திருந்தன. யோவான் சுவிசேஷத்தின் 8ஆம் அதிகாரம், 12ஆம் வசனம் அவற்றில் ஒன்று. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் படைகள் நின்றிருந்த 2010 ஜனவரியில் ஏபிசி செய்தி நிறுவனம் இதை வெளிக்கொணர, ஸ்கோப் அரசியல் விவகாரமானது. நிறுவனம் பொறிப்பை நிறுத்தியது.

மற்ற சாமான்களில் தோள்வாரும் நல்ல டார்ச்சும் தேவையானவை. இருட்டில் எதிரில் நிற்பது யாரென்று தெரியாமல் சுடுவதைவிடக் கேடு வேறில்லை. மிச்சத்தில் பாதி பாரம். 2000களில் குழலைச் சுற்றி நான்கு பக்கமும் ரெயில் வைப்பது மோஸ்தராக இருந்தது. பள்ளங்களின் விளிம்பு கையை அறுத்தது. அதை மூட ரப்பர் உறை விற்றார்கள். காசு கொடுத்து ரெயில் வாங்கி, அதை மறைக்கவும் காசு! மேக்புல் நிறுவனம் 2014இல் கொண்டுவந்த எம்-லாக், வேண்டிய இடத்தில் மட்டும் சாமானை மாட்டும் வழவழப்பான துளைகளால் அந்த அபத்தத்துக்கு முடிவு கட்டியது.

சட்டம் இந்தச் சாமான்களைப் பிடித்துத் துப்பாக்கியை அடக்கப் பார்த்தது. 1994இல் வந்த கூட்டாட்சித் தடை, கழற்றும் மேகசின் கொண்ட செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளில் மடக்குக் கட்டை, பிஸ்டல் பிடி, பயனெட் மாட்டும் கொக்கி போன்றவற்றில் இரண்டு இருந்தால் அதை விற்கக் கூடாது என்றது. தயாரிப்பாளர்கள் கொக்கியைச் சீவினார்கள், கட்டையை அசையாமல் இறுக்கினார்கள், அதே ரைஃபிளை விற்றார்கள். தடை 2004இல் காலாவதியானது. கலிஃபோர்னியாவில் இன்றும் கட்டைவிரல் சுற்றிப் பிடிக்க முடியாதபடி துடுப்பு வைத்த பிடிகள் விற்பனையாகின்றன. துப்பாக்கி அதேதான், பிடிக்க மட்டும் அசௌகரியம். கொக்கியையும் பிடியையும் எண்ணிக்கொண்டிருந்த சட்டத்துக்கு, எதைத் தடுக்க வந்தோம் என்பதே மறந்துபோனதாகத் தோன்றுகிறது.

தடுத்தே ஆகவேண்டிய சாமானிலும் அது சறுக்கியது. 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகஸ் இசை விழாவில் 60 உயிர்களைக் குடித்தவன், ரைஃபிளை இயந்திரத் துப்பாக்கி வேகத்தில் சுட வைக்கும் பம்ப் ஸ்டாக் கட்டைகளைப் பயன்படுத்தியிருந்தான். டிரம்ப் அரசின் விதி 2019இல் அதைத் தடை செய்தது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6–3 என்ற கணக்கில் அந்த விதியை நீக்கியது. ஒவ்வொரு குண்டுக்கும் விசை தனித்தனியாகவே இயங்குவதால், 1934ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் இயந்திரத் துப்பாக்கி ஆகாது என்பது பெரும்பான்மையின் வாதம். தடை வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். இன்னும் இயற்றவில்லை, சில மாநிலங்கள் மட்டும் தாமாகத் தடுத்திருக்கின்றன.

ராணுவமோ அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. 2022 ஜனவரியில் விஸ்கான்சினைச் சேர்ந்த வோர்டெக்ஸ் நிறுவனத்துக்கு எக்ஸ்எம்157 என்ற குறிக்கருவிக்கான ஒப்பந்தம் கிடைத்தது. பத்தாண்டில் அதிகபட்சம் 2,50,000 கருவிகள், 270 கோடி டாலர். வகுத்தால் ஒன்றுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். எட்டு மடங்கு வரை பெரிதாக்கும் கண்ணாடி, லேசர் தூரமானி, வெப்பமும் காற்றழுத்தமும் அளக்கும் உணரிகள், குண்டின் பாதையைக் கணக்கிடும் கணினி எல்லாம் ஒரே கூட்டுக்குள். தூரத்தை அளந்தவுடன், எங்கே குறிவைக்க வேண்டும் என்பதைக் கண்ணாடிக்குள்ளேயே அது காட்டிவிடும். மின்கலம் தீர்ந்துபோனால் என்ன செய்வது? அதற்காகக் கண்ணாடியில் பழைய பாணிக் கோடுகளையும் பொறித்தே வைத்திருக்கிறார்கள்.