குருதிப் பரிசோதனையும் பெண்டிரின் அந்திரோசன் மிகையும்

ஆண்மை ஓமோன்கள் எனப் பெயர்பெற்ற அந்திரோசன்கள் ஆண்களுக்கு மட்டும் உரியன அல்ல. பெண்ணுடலிலும் சூலகங்களும் அதிரீனற் சுரப்பிகளும் அவற்றைச் சிறிதளவிற் சுரக்கின்றன. அவ்வளவு மிகும்பொழுது முகத்திற் தடித்த உரோமம், தீராத முகப்பரு, தலைமயிர் உதிர்தல், மாதவிலக்கு ஒழுங்கின்மை என்பன தோன்றும். இம்மிகைக்குப் பெரும்பாலும் காரணமாவது பி.சி.ஓ.எஸ். எனப் பலரும் வழங்கும் பல்பைச் சூலக நோயாகும். இலங்கையில் 15 முதல் 39 வயது வரையான பெண்களிடையே நடத்தப்பெற்று 2008இல் வெளியான ஆய்வொன்று, நூற்றுக்கு 6.3 பேரிடம், அஃதாவது ஏறத்தாழப் பதினாறு பேருக்கு ஒருவரிடம், இந்நோயைக் கண்டது.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் இளம்பெண் ஒருத்தி இவ்வறிகுறிகளுடன் குருதிப் பரிசோதனை செய்விக்கிறாள் என்க. ‘மொத்தத் தெஸ்தோஸ்தெரோன் இயல்பளவு’ என அறிக்கை வருகின்றது. நோய் இல்லையெனப் பெற்றோர் அமைதியுறுகின்றனர். அவ்வமைதி பொருந்துமா என்பதே ஆராயற்பாலது.

குருதியிலுள்ள தெஸ்தோஸ்தெரோனின் பெரும்பகுதியை ஈரல் உண்டாக்கும் பிணைப்புப் புரதமும் அல்புமினும் பற்றிக்கொண்டிருக்கும். கட்டற்றுத் திரிவது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே. இழையங்களிற் புகுந்து தொழிற்படுவதும் அதுவே. ஆதலின் பிணைப்புப் புரதத்தின் அளவையும் அறிதல் வேண்டும். தெஸ்தோஸ்தெரோன் அளவை நூறாற் பெருக்கிப் புரத அளவால் வகுக்க வருவது கட்டற்ற அந்திரோசன் சுட்டியாகும். பெண்கள் இருவருக்கும் தெஸ்தோஸ்தெரோன் லீற்றருக்கு 1.8 நானோமோல் எனக் கொள்க. புரதம் 60 நானோமோலாக உள்ளவளுக்குச் சுட்டி 3. 20 ஆக உள்ளவளுக்கு 9. ஏறத்தாழ 5இன் மேற்பட்டது மிகையெனப் பொதுவாகக் கொள்ளப்படும்.

புரதம் குறைவது ஏன்? இன்சுலின் மிகுந்தால் ஈரல் அதனைக் குறைவாக உண்டாக்கும். சூலகமும் அந்திரோசனைக் கூடுதலாகச் சுரக்கும். பேராசிரியர் சந்திரிகா விஜயரத்ன இங்கிலாந்து ஆய்வாளருடன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோயுற்ற தென்னாசியப் பெண்கள் வெள்ளையினப் பெண்களிலும் இளவயதிலே, கடுமையான அறிகுறிகளுடன் சிகிச்சை நாடியமையும், அவர்தம் இன்சுலின் அளவு உயர்ந்திருந்தமையும் காணப்பட்டன. எனவே இந்நோயைக் காலத்தே அறிதல் பின்னர் வரக்கூடிய நீரிழிவைத் தடுப்பதற்கும் துணையாகும்.

அளக்கும் முறையும் கருதத்தக்கது. பெண்களின் தெஸ்தோஸ்தெரோன் மிகச் சிறிதளவாகலின், பல ஆய்வுகூடங்களிற் கையாளப்படும் பிறபொருளெதிரி முறை பிழைபடக்கூடும். 2023இன் சர்வதேச வழிகாட்டி திணிவு நிறமாலை முறையையே விதந்துரைக்கின்றது. கருத்தடை மாத்திரை பிணைப்புப் புரதத்தை உயர்த்தி மிகையை மறைக்கும். ஆதலின் வைத்தியரின் ஆலோசனைப்படி அதனை மூன்று மாதங்களேனும் நிறுத்தியபின் அளத்தல் நன்று. பிறவியிலமைந்த அதிரீனற் குறைபாட்டை விலக்குதற்கு 17-ஐதரொட்சிப் புரோஜெஸ்தரோன் அளக்கப்படும். அறிகுறிகள் சில மாதங்களிலே விரைந்து பெருகி, தெஸ்தோஸ்தெரோனும் மிக உயர்ந்திருப்பின், கட்டி உண்டோ எனத் தேடுதல் இன்றியமையாதது.

இவையாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. மாதவிலக்கு ஒழுங்கின்மையும் உரோம மிகுதி முதலிய உடற்குறிகளும் ஒருங்கே காணப்பட்டு, பிற காரணங்களும் விலக்கப்பட்டால், குருதியில் மிகை தோன்றாவிடினும் நோயைத் துணியலாம் என்பது அவ்வழிகாட்டியின் முடிபு. ஆகவே மேற்கூறிய இளம்பெண்ணின் பெற்றோர் அவ்வொரு வரியோடு அமையாது, அவளை மீண்டும் வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே தக்கது.